சோர்வறியாக் காபி

செம்மநத்தம் போகிற குறுகல் ரோட்டில் ஒரு காபி எஸ்டேட் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். வழக்குப் போட்டுவிடுவார்கள் என்கிற பயமெல்லாம் எனக்கு இல்லை. என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கையில் பட்டை கட்டி, ஆராய்ச்சி செய்துவிடுவார்கள் என்கிற பயம்தான்.

அங்கே சீசன் வந்துவிட்டால் வேலைக்கு ராத்திரி பகல் கிடையாது. பகலெல்லாம் பறித்த பழம் பொழுது சாயும்போது பல்பர் கொட்டகைக்கு வந்து சேரும். அன்றைக்கே மெஷினில் விட்டுத் தோலை உரித்துவிட வேண்டும். விடியட்டும் என்று விட்டால் புளித்துப்போகும். அதனால் தோல் உரிக்க ராத்திரி ஷிப்ட், கழுவிக் களத்தில் காயப்போடப் பகல் ஷிப்ட். யாருக்கு எந்த ஷிப்ட் என்பதற்கு எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் அன்பழகனிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஷிப்ட். அந்தி சாய்ந்தால் காபிச் செடிக்கு நடுவே காட்டெருமை வந்து நிற்கிற மலை இது. ஜோடியாய்ப் போய் ஜோடியாய் வந்தால் ஒரு டார்ச் லைட் போதும், ஒரு வேளை உலை போதும். இந்தச் சட்டத்தைக் கண்டுபிடித்ததற்காக அன்பழகனுக்கு யாரும் சால்வை போடவில்லை. அவரும் அதை ஒரு கண்டுபிடிப்பு என்று நினைக்கவில்லை.

சக்திவேலுக்கும் சுதாராணிக்கும் அந்த ஆவணியில்தான் கல்யாணம். அவள் வெள்ளக்கடை ஊர்ப் பெண். தொழிலாளிகளுக்கென்று வரிசையாய்க் கட்டிவிட்ட லைன் வீட்டில் அவர்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில் மாமியார் கிருஷ்ணம்மாள், வயசுக்கு வந்த நாத்தனார் புவனா, சுவரோரம் அரிசி மூட்டை. மூட்டையைத் தவிர மற்ற எல்லோருக்கும் காது உண்டு. அதனால் புதுசாய்க் கல்யாணம் ஆனவர்கள் பேசிக்கொள்ள வேண்டியதையெல்லாம் கொட்டகையிலிருந்து வீடு வரைக்குமான நடையில்தான் பேசிக்கொண்டார்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற ஒற்றையடிப் பாதை அது. சொல்லப்போனால் அவர்கள் குடித்தனம் நடத்தியதே அந்தப் பாதையில்தான். வீட்டில் சும்மா சாப்பிட்டுத் தூங்கினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் காபி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரு கவலை வந்தது. நாம் குடிக்கிற காபியை உரித்தவர்கள் களைத்துப்போய் உரித்தார்களோ என்கிற கவலை. களைப்புப் போகத்தான் காபி குடிக்கிறார்கள் என்பதால் கவலை நியாயம்தான். ‘சோர்வறியாக் காபி’ என்று ஒரு முத்திரை இருந்தால் நன்றாக இருக்கும் என்று கடிதம் போட்டார்கள். மானேஜர் விசாரித்தார். முத்திரை கொடுப்பதற்கென்றே சென்னையில் ஓர் அலுவலகம் இருந்தது. அதன் பெயர் மனிதக் காரணிகள் மற்றும் பணிச் சோர்வு மற்றும் குழு வடிவமைப்பு ஆய்வு மையம். ஒரு பெயருக்குள் ரெண்டு ‘மற்றும்’ வந்துவிட்டால் அந்த இடத்தில் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும் என்பது என் அனுபவம். இவர்கள் அதையும் பொய்யாக்கினார்கள். மெனக்கெட்டு வேகமாக வந்தார்கள்.

மையத்தின் இயக்குநர் முனைவர் அறவாழி. அவர் களத்தில் நாற்காலி போட்டு, எல்லோரையும் தரையில் உட்காரவைத்து, முதல் நாளே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“நீங்கள் அனைவரும் சோர்வாக இருக்கிறீர்கள். ஆனால் அது உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் மையத்தின் நோக்கம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். பெரிய மனுஷர் அத்தனை தூரத்திலிருந்து வந்து பேசினால் தட்டுவதுதானே மரியாதை.

அப்புறம் ஒவ்வொருவர் கையிலும் கறுப்பாய் ஒரு பட்டை கட்டினார்கள். தூக்கம், நடை, நெஞ்சுத் துடிப்பு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அதோடு விடவில்லை. கள அலுவலர் ஜாபெஸ் என்று ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தவர், ஆளாளுக்குப் போய், பூச்சியத்திலிருந்து பத்துக்குள் உங்கள் சோர்வு எவ்வளவு என்று கேட்டார்.

இங்கேதான் நம் ஆட்களின் குணம் குறுக்கே வந்தது. விருந்தாளியாய் வந்தவரிடம் போய் எனக்கு முதுகு வலி, கால் கடுக்கிறது என்று இந்த மலையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்றார்கள். அவர்களில் வயசில் மூத்த சித்தன் மட்டும் கொஞ்சம் கூடச் சேர்த்து, “உங்களுக்குத்தானுங்க களைப்பா இருக்கும். அடிவாரத்துலருந்து இத்தன வளைவு ஏறி வந்திருக்கறீங்க. ஒரு டீ குடிங்க” என்று உபசரித்தார். ஜாபெஸுக்குக் கண் கலங்கிவிட்டது என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். இருந்தாலும் பூச்சியம் என்றுதான் எழுதிக்கொண்டார்.

எஸ்டேட் மொத்தமும் பூச்சியம். இது மையத்தைக் கலவரப்படுத்தியது. சோர்வே இல்லை என்றால் சோர்வு ஆய்வு மையம் எதற்கு? ராத்திரியோடு ராத்திரியாகக் கூடிப் பேசி, தொழிலாளர்களிடம் இருப்பது சோர்வின்மை அல்ல, சோர்வு குறித்த அறியாமை என்று முடிவு கட்டினார்கள். மறுநாள் மத்தியானம் சோர்வு விழிப்புணர்வு முகாம். ராத்திரி ஷிப்ட் ஆட்கள் தூங்குகிற நேரம் அதுதான். எழுப்பிக் கூட்டிவந்து, தூக்கம் ஏன் முக்கியம் என்று பொழுது சாய்கிற வரைக்கும் படம் போட்டு விளக்கினார்கள். கொட்டாவி என்றால் என்ன என்பதற்குத் தனியாக ஒரு படம்.

முகாம் முடிந்ததும் மறுபடி அதே கேள்வி. நம் ஆட்களுக்கு இப்போது பிடிபட்டுவிட்டது. இவர்களுக்குப் பெரிய நம்பர்தான் பிடிக்கும் போலிருக்கிறது, பாவம், கொடுத்துவிடுவோம் என்று ஆளுக்குப் பத்து கொடுத்தார்கள். சித்தன் பதினொன்று கிடைக்குமா என்று விசாரித்தார். முகாம் மாபெரும் வெற்றி என்று அறவாழி சென்னைக்குத் தகவல் அனுப்பினார்.

இந்த மட்டில் நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அடுத்து வந்தது குழு வடிவமைப்பு. அதுதான் குடியைக் கெடுத்தது.

குழு வடிவமைப்பு என்றால், யார் யாரோடு வேலை செய்தால் சோர்வு குறையும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். அதற்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். நீங்கள் யாருடன் சேர்ந்து பணிபுரிய விரும்புகிறீர்கள்? நல்ல கேள்விதான். அதைக் களத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, மைக்கில், ஒவ்வொருவராக எழுந்து நிற்கவைத்துக் கேட்டார்கள்.

சக்திவேல் எழுந்தான். எதிரே அவனுடைய அம்மா, தங்கச்சி, லைன் வீட்டு ஜனம் அத்தனையும். கல்யாணமாகி நாலு மாசம் ஆகாத ஆம்பளை, என் பொண்டாட்டியோடு வேலை செய்யத்தான் எனக்கு விருப்பம் என்று மைக்கில் சொன்னால் அப்புறம் அவன் ஆயுசுக்கும் தலை நிமிர்ந்து ரேஷன் கடைக்குப் போக முடியுமா? அவன் தரையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். “சித்தண்ணனோடங்க” என்றான். சித்தனுக்குச் சந்தோஷம். அடுத்துச் சுதாராணி. புருஷன் பேரைச் சபையில் சொல்வதா? “யாரா இருந்தாலும் சரிங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு அந்தக் களத்தில் புருஷன் பேரையோ பொண்டாட்டி பேரையோ சொன்ன வாய் ஒன்றுகூட இல்லை.

கம்ப்யூட்டருக்கு வெட்கம் தெரியாது. இந்த எஸ்டேட்டில் தம்பதிகளுக்கிடையே பணி சார்ந்த பிணைப்பு எதுவும் இல்லை என்று அது கண்டுபிடித்தது. எல்லா ஜோடிகளையும் பிரித்து, ஒருவரைப் பகலுக்கும் ஒருவரை ராத்திரிக்கும் போட்டது. சீசன் முடிகிற வரைக்கும் வார லீவும் ரத்து. சக்திவேல் சித்தனோடு ராத்திரி ஷிப்ட். சுதாராணி பகல்.

எல்லோரும் அழுதார்கள் என்று நினைக்க வேண்டாம். கருப்பண்ணனும் வேலம்மாளும் முப்பது வருஷமாய் ஒரே ஷிப்டில் சண்டை போட்டுக்கொண்டு பழம் உரித்தவர்கள். பட்டியலைக் கேட்டதும் வேலம்மாள் கருமாரியம்மனுக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட்டாள். ரைட்டர் அன்பழகன்தான் மனசு கேட்காமல் இயக்குநரிடம் போய், அவர்கள் புருஷன் பொண்டாட்டி ஆச்சே என்று சொல்லிப் பார்த்தார்.

“அது சமூக உறவு. நாங்கள் பார்ப்பது பணி உறவு” என்றார் அறவாழி. “அப்படி ஒரு பிணைப்பு இருந்திருந்தால் தரவில் வந்திருக்கும். தரவில் வராத ஒன்றை நாம் உலகத்தில் தேடக் கூடாது.”

அன்பழகனுக்குத் தரவு என்றால் என்ன என்று தெரியும். ஆனாலும் திரும்பி வந்து கம்ப்யூட்டர் சொன்னபடியே பெயர்களை எழுதினார்.

அதிலிருந்து சக்திவேலும் சுதாராணியும் பார்த்துக்கொண்டது பாதையில் மட்டும்தான். காலையில் அவள் களத்துக்குப் போன பிறகுதான் அவன் கொட்டகையை விட்டுக் கிளம்புவான். விளக்கு வைக்கிற நேரத்தில் பகல் ஷிப்ட் பெண்கள் கூட்டமாய் வீடு திரும்புவார்கள். ராத்திரி ஷிப்ட் ஆம்பளைகள் கூட்டமாய்க் கொட்டகைக்குப் போவார்கள். நடுவழியில், மிளகுக் கொடி சுற்றிய பெரிய சில்வர் ஓக் மரத்தடியில், ரெண்டு கூட்டமும் எதிர்ப்படும். சுதாராணி செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் பின்தங்குவாள். சக்திவேல் பீடி பற்றவைக்கிற சாக்கில் பின்தங்குவான். அவனுக்குப் பீடிப் பழக்கமே கிடையாது. “காலையில கொழம்பு அடுப்பு மேல இருக்குமுங்க, சுட வெச்சு ஊத்திக்கங்க” என்பாள் அவள். “குளிருது, சொட்டரு போட்டுக்க” என்பான் அவன். அவ்வளவுதான். அந்த ரெண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு மறுநாள் அந்தி வரைக்கும் ஓட்டினார்கள்.

வாய் சும்மா இருந்தாலும் கையில் கட்டியிருந்த பட்டை சும்மா இல்லை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், இருவருடைய நெஞ்சும் தறிகெட்டு அடிப்பதை அது சென்னைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. மையம் விழித்துக்கொண்டது. வேறு யாருக்கும் இல்லாத துடிப்பு, அதுவும் வேலை இல்லாத நேரத்தில். இது கடுமையான மன அழுத்தம் என்றார் ஒருவர். அச்சம் என்றார் இன்னொருவர். அறவாழி தலைமையில் ஒரு குழு மரத்தடிக்கு நேரில் போய்ப் பார்வையிட்டது. மரத்தை அளந்தார்கள். சரிவை அளந்தார்கள். கடைசியில் பத்தடி தள்ளிக் காட்டெருமைச் சாணி கிடந்தது. விஞ்ஞானத்துக்கு அது போதும்.

மறுநாளே அங்கே மஞ்சள் பலகை நட்டார்கள். ‘எச்சரிக்கை. இதயத் துடிப்பு உயர்வுப் பகுதி. நிற்காதீர்கள்’ என்று எழுதியிருந்தது. அதோடு, பகல் ஷிப்ட் பெண்கள் இனிப் பாதையில் நடக்கவே வேண்டாம், மேல் ரோடு வழியாக ஜீப்பில் கொண்டுபோய் விடப்படுவார்கள் என்று அறிவிப்பு வந்தது. மற்ற பெண்களுக்குக் கொண்டாட்டம். சுதாராணி ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே போனாள். கீழே மரங்களுக்கு நடுவில் ஒரு டார்ச் வெளிச்சம் பலகைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, அப்புறம் மெதுவாய் நகரும்.

கொடியில் காய்கிற சட்டையைப் பார்த்துத்தான் புருஷன் ஊரில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறேன் என்று அவள் புவனாவிடம் சொன்னாளாம். சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கி, முடிக்கும்போது அழுதுவிட்டாளாம். புவனா அதை அண்ணனிடம் சொன்னாள்.

சக்திவேல் துணிந்து, மையத்தார் தங்கியிருந்த ஏரிக்கரை ரிசார்ட்டுக்கே போய்விட்டான். அறவாழி அன்போடுதான் வரவேற்றார். சோர்வா என்றார். இல்லீங்க என்றான். உடம்புக்கு ஏதாவதா என்றார். இல்லீங்க. சம்பளமா? அதெல்லாம் இல்லீங்க. பிறகு என்னதான் வேண்டும் என்று கேட்டார். ரெண்டு பெண் ஆய்வாளர்கள் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவன் வாயையே பார்த்தார்கள். அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். “ஒண்ணுமில்லீங்க, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க” என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டான். வருகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான். மலை முழுக்கத் தேடினாலும் என்னைப் போல ஒரு மடையன் கிடைக்க மாட்டான் என்று சித்தனிடம் சொன்னான். சித்தன் மறுக்கவில்லை.

சீசன் முடிகிற சமயம் முத்திரை வழங்கும் விழா. களத்தில் பந்தல், வாழை மரம், மேடை. காபி வாங்குகிற கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தாள். மொழிபெயர்க்க ஆள் வைத்திருந்தார்கள். ரெண்டு ஷிப்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஒரு நாள் மட்டும் உத்தரவு. சுதாராணி பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சக்திவேல் ஆம்பளைகள் பக்கம். ஆய்வுக்குட்பட்ட இருவருடைய பட்டையும் அந்த நேரத்தில் என்ன சொன்னது என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறவாழி பேசினார். இந்தப் பேச்சை நான் எத்தனை பேரிடம் கேட்டேனோ, அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஆகவே உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

“எமது புதிய குழு வடிவமைப்புக்குப் பின் இந்த எஸ்டேட்டில் கணவன் மனைவி தகராறு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. சண்டையிட அவர்கள் சந்தித்தாக வேண்டும். அந்த வாய்ப்பை அறிவியல் பூர்வமாக நீக்கியிருக்கிறோம். இரண்டாவது, எமது மகத்தான சாதனை. இரு தொழிலாளர்களின் இதயம் ஓரிடத்தில் நாள்தோறும் ஆபத்தான அளவுக்குத் துடித்துவந்தது. காட்டெருமை அச்சமே காரணம் என்று கண்டறிந்து, பாதையை மாற்றினோம். இன்று அந்த இரு இதயங்களும் எதற்கும் துடிப்பதில்லை.”

திரையில் கோடு ஒன்று தெரிந்தது. மலை மலையாய் ஏறி இறங்கிவந்த கோடு, ஜீப் வந்த நாளிலிருந்து வாய்க்கால் தண்ணீர் போல நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. கை தட்டினார்கள். வேலம்மாள் ரொம்ப நேரம் தட்டினாள்.

பயனடைந்தவர் ஒருவர் மேடையேறி நன்றி சொல்ல வேண்டும் என்றார்கள். சக்திவேலைக் கூப்பிட்டார்கள். அவன் சால்வையோடு நின்றான். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ‘நொம்ப நன்றிங்க’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். ஆனால் திரும்பித் திரையில் படுத்துக் கிடந்த அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டான். அது தன்னுடைய நெஞ்சு என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அது எருமை இல்லீங்க” என்றான். “அந்த மரத்தடியில எம் பொண்டாட்டி வருவாளுங்க.”

கிருஷ்ணம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுதாராணி தலையைக் குனிந்துகொண்டாள், காது வரைக்கும் சிவந்துபோய். அறவாழி குறிப்பேட்டைத் திறந்தார். நெருக்கடியிலும் நிதானம் தவறாத மனுஷர் அவர்.

“மனைவியைக் கண்டால் உங்களுக்கு அச்சமா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. சந்தோசமுங்க.”

கம்பெனி அம்மாளுக்கு மொழிபெயர்ப்பு போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. சேர்ந்ததும் எழுந்து நின்று கை தட்டினாள். அதற்கப்புறம் பெண்கள் பக்கம் பிடித்துக்கொண்ட சிரிப்பு அடங்கவே இல்லை. சிரிப்புக்கு நடுவே ரைட்டர் அன்பழகன் எழுந்து, ஜோடி ஜோடியாகவே ஷிப்ட் போட்டுவிடலாமுங்களா என்று மானேஜரைக் கேட்டார். கம்பெனி அம்மாள் தட்டுகிறபோது மானேஜர் வேறென்ன சொல்வார். சரி என்றார். வேலம்மாள் முகம்தான் விழுந்துபோயிற்று.

மையம் இதையும் தோல்வி என்று எடுத்துக்கொள்ளவில்லை. சந்தோஷம் என்கிற காரணி இதுவரை தங்கள் அளவுகோலில் இடம்பெறவில்லை, ஆகவே இரண்டாம் கட்ட ஆய்வு தேவைப்படுகிறது என்று அறவாழி மேடையிலேயே அறிவித்தார். ஆய்வுக்குட்பட்ட தம்பதியர் சேர்ந்து நடக்கும்போது ஓர் அலுவலர் உடன் நடந்து பதிவுசெய்வார். அந்த வேலை ஜாபெஸ் தலையில் விழுந்தது.

ஒரே ஷிப்டில் சேர்ந்த முதல் நாள் அந்தியில் மூன்று பேர் கொட்டகையிலிருந்து கிளம்பினார்கள். முன்னால் சக்திவேல், பின்னால் சுதாராணி, நடுவில் கையில் கருவியோடு ஜாபெஸ். யாரும் பேசவில்லை. ஆபீசர் நடுவில் நடக்கும்போது என்னத்தைப் பேசுவது? பாதி தூரம் போனதும் சுதாராணி நின்றாள்.

“ஏனுங்க சார், உங்களுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?”

ஆயிற்று என்றார் ஜாபெஸ். மனைவி தாம்பரத்தில் இருக்கிறாள், ஆய்வு தொடங்கியதிலிருந்து ஊர்ப்பக்கம் போகவில்லை என்றார்.

“அப்ப உங்களுக்கே தெரியுமுங்க” என்றாள் அவள். “நீங்க முன்னால போங்க. திரும்பிப் பாக்காம போங்க.”

ஜாபெஸ் தன் டார்ச்சை அவர்களிடம் கொடுத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் விறுவிறுவென்று இறங்கிப் போனார். லைன் வீட்டு வாசலில் கிருஷ்ணம்மாள் போட்ட முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். டீ குடித்தார். தாம்பரத்துக்குப் போன் போட்டுப் பேசினார். பேசி முடித்து, ரெண்டாவது டீயும் குடித்து, நன்றாக இருட்டிய பிறகுதான் அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அன்றைய பதிவை அவர் அங்கேயே எழுதினார். ஆய்வுக்குட்பட்டவர்கள் வழக்கத்தைவிட மிக மெதுவாக நடந்தார்கள், வழியில் பல முறை நின்றார்கள். காரணம் என்ற இடத்தில் அவருக்குக் கை ஓடவில்லை. மையம் அச்சடித்துக் கொடுத்திருந்த காரணங்களை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு, இருப்பதிலேயே யாருக்கும் சந்தேகம் வராத காரணத்துக்கு நேரே ஒரு டிக் போட்டார்.

சோர்வு.